தெர்மாமீட்டர் 93 காட்டியது, பிள்ளைகள் 100 என்று எழுதினார்கள்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முத்தோரைப் பக்கம் நிற்கிறேன். பின்னால் மலைச்சரிவில் நீளமாகத் தெரிகிறதே, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நான் மூக்குடைபட்ட கதை.

ஊட்டிக்குப் பக்கத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் வகுப்பிலேயே ஸ்டவ் பற்ற வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீரும் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். தெர்மாமீட்டர் 93-இல் நின்றது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நோட்டைத் திருத்தினால் பாதிப் பேர் 100 என்று எழுதியிருக்கிறார்கள்! கேட்டால், "தெர்மாமீட்டர் பழசு மிஸ்" என்கிறான் ஒருவன்.

கோபம்தான் வந்தது. பிறகுதான் இதையே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு. செய்முறையைப் பார்க்காத மாணவர்களில் 22 சதவீதம் பேர் பின்னால் சரியான விளக்கம் சொன்னார்கள். பார்த்தவர்களில்? 24 சதவீதம். அவ்வளவுதான்! என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொன்ன பிறகு பார்த்தவர்கள் 30, அதைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசியும் பார்த்தவர்கள் 32. பெரிய தாவல் இல்லை என்பீர்கள். ஆனால் ஊகிக்க வைப்பதற்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டே நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு இது லாபம்தான்.

சரி, அடுத்த வருடம் ஸ்டவ்வைப் பற்ற வைக்கும் முன் கேட்டேன்: எத்தனை டிகிரியில் கொதிக்கும்? எழுதி வையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சண்டை போடுங்கள். எல்லோரும் 100. ஒரே ஒரு பெண் மட்டும் குறைவாக எழுதியிருந்தாள். ஏன் என்றால், "மேட்டுப்பாளையத்தில் எங்கள் பாட்டி பருப்பை வெறும் பாத்திரத்திலேயே வேக வைத்துவிடுவார் மிஸ். இங்கே குக்கர் இல்லாமல் வேகவே வேகாது" என்றாள். வகுப்பு கப்சிப். அதற்குப் பிறகு 93 வந்தபோது தெர்மாமீட்டரை யாரும் குறை சொல்லவில்லை.

மார்க் ஏறியதா என்று கேட்காதீர்கள், நான் கணக்கெடுக்கவில்லை. ஆனால் கேள்விகள் ஏறின. இயற்பியல் என்றாலே சூத்திரம், மனப்பாடம், பயம் என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு, தன் வீட்டு அடுப்படியிலும் அது இருக்கிறது என்று தெரிவதே போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது பின்னால் பாருங்கள். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி, அதாவது வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற கருவி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970 முதல் வேலை செய்கிறது. போன மாதம் பிள்ளைகளை இதே இடத்தில் நிறுத்திக் கேட்டேன்: ஏன் இதைச் சரிவில் கட்டினார்கள்? "மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட, எங்கள் கேரட் தோட்டம் மாதிரி" என்றான் ஒருவன். நல்ல ஊகம், தப்பான விடை. ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரி. இந்தச் சரிவும் வடக்குத் தெற்காக ஏறத்தாழ அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது. பூமி சுற்றும்போது ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். கேரட் தோட்டத்துப் பையன் கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினான்.

அந்தப் பருப்புப் பெண் இப்போது, "தொட்டபெட்டாவில் எத்தனை டிகிரி மிஸ்?" என்று நச்சரிக்கிறாள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் 90 என்று எழுதி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை மேலே போய், டீக்கடை அண்ணன் சம்மதித்தால் அவர் பாத்திரத்திலேயே தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்கப்போகிறோம்.