பகலில் பெண்கள் துறை, இரவில் மதுக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் என்றதும் பலருக்கு வங்கி லாக்கர்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். கிளம்புவதற்கு முன்னால் பயமுறுத்தியவர்களும் உண்டு. "அங்கே காபி குடிக்கவே கடன் வாங்க வேண்டும், ராத்திரி ஆனால் ஊரே போர்த்திக்கொண்டு தூங்கிவிடும்" என்றார்கள். காபி விஷயத்தில் அவர்கள் சொன்னது ஏறக்குறைய சரி. தூக்கம் பற்றிச் சொன்னது பழைய கதை. அது எப்படிப் பழைய கதை ஆனது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஆனால் சூரிச்சில் எதையும் பகலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பான்ஹோஃப்ஸ்ட்ராஸே. அதாவது ஸ்டேஷன் ரோடு, அவ்வளவுதான் பெயர். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தெரு. நேராக நடந்தால் ஏரியில் போய் முடியும். கைக்கடிகாரம், நகை, சாக்லேட் என்று உலகத்தின் விலை உயர்ந்த கடைகளில் பாதி இங்கே இருக்கிறதோ என்று தோன்றும். இந்தத் தெருவுக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? கோட்டைச் சுவரை ஒட்டி ஓடிய அகழி. தவளைகள் நிறைந்திருந்ததால் அதன் பெயரே தவளை அகழி. 1864இல் அதைத் தூர்த்துத் தெரு போட்டார்கள். தவளை கத்திய இடத்தில் இன்று நீல வெள்ளை டிராம்கள் மணி அடித்துக்கொண்டு போகின்றன.

வாங்க வேண்டும் என்றால் ஒரு யோசனை. தெருவின் நடுவே பராடேபிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் ஸ்ப்ரூங்லி என்ற பழைய இனிப்புக் கடை இருக்கிறது. அங்கே லக்சம்பர்கர்லி என்று கட்டைவிரல் நகம் போல இரண்டு சின்ன வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்து விற்பார்கள். வாயில் போட்டால் கடிக்க ஒன்றுமே இருக்காது. நாலு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மற்ற கடைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக்கு உள்ளே இருப்பவை திறந்திருக்கும். அப்புறம், தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊரில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் உண்டு. அநேகமாக எல்லாமே குடிக்கும் தண்ணீர்தான்.

ஏரியிலிருந்து வெளியே வரும் நதி லிமாட். அதன் இடக்கரையில் ஃப்ராவ்மூன்ஸ்டர் தேவாலயம். 853இல் ஒரு மன்னர் தன் மகளுக்காகத் தொடங்கிய கன்னியர் மடம் அது. மடத்தின் தலைவிதான் பல காலம் ஊரையே ஆண்டார். நாணயம் அடிக்கும் உரிமையும் அவரிடம் இருந்தது. எதிர்க்கரையில் கிராஸ்மூன்ஸ்டர் தேவாலயம். 1519 முதல் மதச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி அங்கே பிரசங்கம் செய்தார். படம், சிலை எதுவும் வேண்டாம் என்று தேவாலயங்களிலிருந்து எல்லாவற்றையும் அகற்ற வைத்தவர் அவர். மடமும் அதோடு போயிற்று. நாலரை நூற்றாண்டு கழித்து, 1970இல், வெறுமையாக இருந்த ஃப்ராவ்மூன்ஸ்டரின் சுவரில் ஐந்து நெடிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை வைத்தார் ஓவியர் மார்க் ஷகால். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நான் போனது காலையில். நீல ஜன்னலின் வெளிச்சம் சாம்பல் நிறக் கல்லில் விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் கையை நீட்டி அந்த நீலத்தை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இதில் வெட்கம் என்ன?

கிராஸ்மூன்ஸ்டர் பக்கம் மேலே ஏறினால் ஸ்பீகெல்காஸ்ஸே என்ற குறுகிய சந்து. முதல் எண் வீட்டில் 1916 பிப்ரவரியில் ஹூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் காபரே வோல்டேர் என்ற சிறிய அரங்கைத் தொடங்கினார்கள். உலகப் போரில் நாலாபக்கமும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, போரில் சேராத இந்த ஊரில் ஒதுங்கியிருந்த கலைஞர்கள் அர்த்தமே இல்லாத ஒலிகளைக் கவிதை என்று மேடையில் வாசித்தார்கள். டாடா என்ற கலை இயக்கம் அங்கே பிறந்தது. அதே சந்தில் 14ஆம் எண் வீட்டில் அப்போது குடியிருந்தவர் லெனின். அரங்கின் மேளச் சத்தம் அவர் காதுக்கும் எட்டியிருக்குமோ என்னவோ.

சரி, இரவுக்கு வருவோம்.

நான் தங்கியது ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில். எண்பதுகளில் வந்து உணவக அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்தவர். "அந்த நேரம் பன்னிரண்டு மணிக்கு எல்லாத்தையும் பூட்டிடுவாங்கள், தங்கச்சி. நாங்கள் சட்டிபானை கழுவி முடிச்சு வெளியில வந்தால் தெருவில ஒரு சனமும் இராது" என்றார். சும்மா சொல்லவில்லை, அது சட்டம். நள்ளிரவுக்கு மேல் திறந்திருக்க அனுமதி பெற்ற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மௌனத்தின் மீது முதல் கல் விழுந்தது 1980 மே 30 அன்று. ஏரிக்கரையில் இருக்கும் ஆப்பெரா மாளிகையைப் புதுப்பிக்க நகராட்சி சுமார் ஆறு கோடி ஃப்ராங்க் ஒதுக்கியது. பாட்டுக்கும் கூத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டு வந்த இளைஞர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆப்பெரா வாசலில் கூடினார்கள். போலீஸ் வந்தது. கல்லும் கண்ணீர்ப்புகையுமாக மாதக்கணக்கில் ஊர் கொதித்தது. கடிகாரம் போல ஓடும் ஊரில் இப்படியா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏரிக்கரையில் 1892இல் கட்டிய பழைய பட்டு நெசவாலை ஒன்று கலாசார மையமாகத் திறக்கப்பட்டது. செங்கல் கட்டடம், அதனால் பெயர் ரோட்டே ஃபாப்ரிக், சிவப்பு ஆலை. இன்றும் நடக்கிறது. இரவு நேரக் கட்டுப்பாடு தளர்ந்தது அதற்கும் பிறகு, 1998இல்.

தளர்ந்ததும் ஊர் மேற்கே, பழைய தொழிற்சாலைப் பகுதிக்குப் பாய்ந்தது. கப்பல் கட்டிய கூடம் இன்று நாடக அரங்கு. ரயில் பாலத்தின் கல் வளைவுகளுக்குக் கீழே வரிசையாகக் கடைகள். கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரமாக்கி அதில் ஃப்ரைடாக் பை விற்கிறார்கள். லாரி தார்ப்பாயில் உடல், கார் சீட் பெல்ட்டில் தோள்பட்டை. ஒரு பை மாதிரி இன்னொன்று இருக்காது. விலையைக் கேட்டதும், லாரியையே சேர்த்துக் கொடுப்பார்களோ என்று அக்காவிடம் கேட்டேன். லாங்ஸ்ட்ராஸே என்ற தெரு முன்பு சிவப்பு விளக்குப் பகுதி. இப்போது மதுக்கூடங்களின் நெரிசல். சனிக்கிழமை இரவு காது அடைக்கும் அளவுக்குச் சத்தம். ஒருமுறை பார்த்தேன், போதும்.

எனக்குப் பிடித்த இரவு அங்கே இல்லை. லிமாட் நதியில் மரத்தால் ஆன ஒரு குளியல் துறை மிதக்கிறது. பெயர் ஃப்ராவன்பாடி. 1888இல் பெண்களுக்காகக் கட்டியது. கோடையில் பகல் முழுக்க இன்றும் பெண்கள் மட்டும்தான். மத்தியானம் நானும் அக்காவும் போய் மரப்பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். வெள்ளை முடி பாட்டி ஒருவர் தடதடவென்று குதித்து நீந்திவிட்டு வந்து, ஈரத் துணியோடே செய்தித்தாள் படித்தார்.

சில நாள் சாயங்காலங்களில் அதே இடம் மதுக்கூடம் ஆகிறது. பெயர் பார்ஃபுஸ்பார், வெறுங்கால் பார். அப்போது ஆண்களும் வரலாம். ஒரே நிபந்தனை, செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதா என்ன? உள்ளே இருக்கும் இடம்தான் புதிது. நான் எலுமிச்சைச் சாறுதான் குடித்தேன், அதை நேயர்கள் நம்ப வேண்டும். இருட்டியதும் எதிர்க்கரை விளக்குகள் தண்ணீரில் நீண்டன. பலகைக்குக் கீழே நதி ஓடும் சத்தம் உள்ளங்காலில் தெரிந்தது. கோட் சூட் போட்ட வங்கிக்காரர்கள் போல இருந்த நாலு பேர் காலுறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கால்விரலில் பிளாஸ்திரி.

கிளம்பும்போது குவியலில் என் செருப்பைத் தேட ஐந்து நிமிடம் ஆனது. அக்கா கேட்டார்: "கோயிலில போல ஒரு மூலையில ஒளிச்சு வைச்சிருக்கலாமே, தங்கச்சி?"

நன்றி, வணக்கம்.