குடுவைகளின் வலையில் பிறக்கும் ஒழுங்கு

நேயர்களுக்கு வணக்கம். கதிரவனின் வெம்மை ஏறிக்கொண்டே போகும் ஒரு கோள்; அதில் கறுப்பு, வெள்ளை என இரு நிற டெய்சிச் செடிகள் மட்டுமே உயிர்கள். உயிர்கள் தாம் வாழும் கோளின் சூழலைத் தாமறியாமலே சீராக வைத்திருக்க முடியும் என்று காட்ட, 1983இல் ஆண்ட்ரூ வாட்சன், ஜேம்ஸ் லவ்லாக் என்ற அறிவியலாளர்கள் கணித மாதிரியாகப் படைத்த இந்தக் கோளுக்கு டெய்சி உலகம் என்று பெயர்.

இரண்டு செடிகளும் 22.5 பாகை செல்சியசில் மிகச் செழிப்பாக வளரும். 5 பாகைக்குக் கீழேயும் 40 பாகைக்கு மேலேயும் வளரவே மாட்டா. கறுப்புச் செடி தன்மேல் விழும் ஒளியில் கால் பங்கையே திருப்பி அனுப்புகிறது; வெள்ளைச் செடியோ முக்கால் பங்கை. கதிரவன் மங்கலாக இருக்கும் காலத்தில், தன்னைச் சுற்றிக் கதகதப்பைத் தேக்கிக்கொள்ளும் கறுப்புச் செடி முந்திக்கொண்டு பரவுகிறது. அது பரவப் பரவக் கோள் முழுவதும் சூடேறி, பின்னர் வெள்ளைச் செடிக்கு வாய்ப்பு வருகிறது. இரண்டும் சேர்ந்து வாழும் நெடுங்காலத்தில், கதிரவன் கூடுதலாகக் காயக் காயக் கோளின் வெப்பநிலை உயராமல் சிறிதளவு தணியவே செய்கிறது. இதை முதன்முதலில் திரையில் கண்டபோது நான் எழுதிய நிரலில்தான் பிழை என்று நினைத்தேன்.

ஆனால் சமன்பாட்டில் ஒரேயொரு கூட்டல்-கழித்தல் குறியை மாற்றிப் பாருங்கள். கறுப்புச் செடியின் அருகே குளிரும், வெள்ளையின் அருகே சுடும் என்று எழுதிவிட்டால், குளிர்ந்த கோளில் வெள்ளைச் செடி பரவி, அதை இன்னும் குளிர வைத்துவிடும். செடிக்கு நன்மையானதே கோளுக்கும் நன்மை என்ற முடிச்சை மாதிரியை அமைத்தவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த முடிச்சை இயற்கையில் யார் போடுவது? கோள்கள் குட்டி போடுவதில்லை. ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தேர்வு பெறுவதும் இல்லை. உயிரியலாளர்கள் எழுப்பிய இந்த ஆட்சேபம் நியாயமானது என்பதே என் கருத்து.

ஹைவெல் வில்லியம்சும் டிம் லென்டனும் 2008இல் வெளியிட்ட மாதிரி, இதற்கு வலைப்பின்னலின் வழியாக விடை தேடுகிறது. கோள் என்பது இங்கே ஒன்றோடொன்று இணைந்த குடுவைகளின் தொகுதி. ஒவ்வொரு குடுவையிலும் நுண்ணுயிர்கள் சத்துகளை உண்டு, கழிவை வெளியேற்றி, மரபுமாற்றம் அடைந்து பெருகுகின்றன. சூழலை மாற்றுவது அவற்றின் வளர்சிதை மாற்றத்தின் பக்கவிளைவு மட்டுமே. அதனால் மாற்றுகிற உயிருக்குத் தனிப்பட்ட ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆயினும் தற்செயலாகத் தன் சூழலைச் சீராக்கிக்கொண்ட குடுவையில் உயிர்த்தொகை பெருகுகிறது. அது இணைப்புகளின் வழியே அண்டைக் குடுவைகளில் போய்க் குடியேறுகிறது. சூழலைக் கெடுத்துக்கொண்ட குடுவையிலோ தொகை சுருங்கி, வந்தேறிகளுக்கு இடம் விடுகிறது. இப்படியே வலை முழுவதும் வளர்ச்சிக்கு உகந்த நிலையை நோக்கி நகர்கிறது. வெளியிலிருந்து அதிர்ச்சி வந்தாலும் அதை எதிர்த்து நிற்க முனைகிறது.

வலை என்ற சொல்லால் இங்கே குழப்பம் நேரலாம். 1972இல் சூழலியல் கோட்பாட்டாளர் ராபர்ட் மே ஆராய்ந்தது, எந்த உயிரினம் எதைப் பாதிக்கிறது என்னும் உறவு வலையை. அது தாறுமாறாகப் பின்னப்பட்டிருந்தால், இனங்களும் தொடர்புகளும் பெருகப் பெருக அந்த வலை நிலைகுலையும் என்று அவர் காட்டினார். குடுவைகளை இணைப்பதோ இடத்தின் வலை. எல்லாக் குடுவைகளையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்துவிட்டால் நல்ல குடுவை, கெட்ட குடுவை என்ற வேறுபாடே மறைந்துபோகும். இணைப்புகளை அறவே அறுத்துவிட்டால் ஒரு குடுவையில் தோன்றிய சீர் அங்கேயே முடங்கிவிடும். ஆகவே இத்தகைய மாதிரியை எழுத உட்காரும்போது, உயிரினங்களின் பட்டியலைத் தொடுவதற்கு முன்பே, குடுவைக்குக் குடுவை எவ்வளவு கசிய வேண்டும் என்ற அந்த ஓர் எண்ணைத்தான் நான் முதலில் மாற்றிப் பார்ப்பேன்.