நாலரை மில்லிமீட்டரும் பத்து கிலோமீட்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு திற்பரப்புப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா நாகர்கோவிலில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நீளமான அட்டைப் பெட்டி. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தாய்மாமன், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மருமகனுக்கு இங்கேயே ஒரு கடையில் வாங்கிக் கொடுத்த, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிள் அதற்குள் இருந்தது. "போலீஸ் வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "சார், இதை வீட்டில் வைத்திருக்கலாமா, இல்லை கோதையாற்றில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த இரண்டு எண்களைத் தேடிப் பார்த்தேன். குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குண்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல் 20 ஜூல் என்ற அளவைத் தாண்டக்கூடாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, இந்த இரண்டுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் தொலைவில் சுடும் ரைபிளும் இதே 4.5 மில்லிமீட்டர்தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் எடுத்ததும் அதில்தான். பையனின் ரைபிளும் வரம்புக்குள் இருந்தது. அம்மா பெருமூச்சு விட்டார்.

அதன்பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். "எங்கே வைத்துச் சுடுகிறான்?"

"வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்தில் சார். சில சமயம் குளக்கரையில்."

இன்று உங்களோடு பேச வந்ததே அந்தப் பதிலுக்காகத்தான். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் எதையும் எங்கேயும் சுடலாம் என்று ஆகிவிடாது. நம் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நடமாடும் தோட்டத்தில், மரத்தில் டின்னைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டால், குறி தப்பிய ஈயக் குண்டு எங்கே போய் நிற்கும்? ஒருவர் கண்ணைப் பறிக்க அந்தச் சிறு குண்டு போதும். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுத்து நிறுத்தும் சுவரோ மண்மேடோ இல்லாத இடத்தில் சுடுவது பயிற்சியே அல்ல.

குளக்கரைக்கு வருவோம். நீர்ப்பறவைகள் வந்து தங்கும் சுசீந்திரம், தேரூர் குளங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் அவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், விலங்கையோ பறவையோ கொல்லவும் காயப்படுத்தவும் கூடிய எந்தக் கருவியையும் ஆயுதம் என்கிறது. ஏர் ரைபிளும் அதில் அடங்கும். வேட்டை என்ற சொல்லுக்குள் வேட்டையாடும் முயற்சியையும் அதே சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே கொக்கைக் குறிவைத்துச் சுட்டு, அது தப்பிப் பறந்துவிட்டாலும் குற்றம் நடந்துவிட்டது. மயிலைச் சுட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. விளையாட்டாகச் செய்தான் என்று நீதிமன்றத்தில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் மலைகளின் கதை இன்னும் கொஞ்சம் நீளம். கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதற்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருந்து உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சுற்றளவுக்குள் புதிய உரிமம் தருவதென்றாலும் காப்பாளரின் முன் இசைவு தேவை. திற்பரப்பு, குலசேகரம், தடிக்காரன்கோணம் என்று எத்தனை ஊர்கள் இதற்குள் வந்துவிடுகின்றன! உரிமம் கேட்டு விண்ணப்பிக்குமுன் உங்கள் வீட்டிலிருந்து சரணாலய எல்லை எவ்வளவு தூரம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இதை அறியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி வெடிமருந்துத் தோட்டா போடும் துப்பாக்கி. பயிற்சிக்காரர்கள் பெரும்பாலும் நாடுவது, குழாயின் உள்விட்டம் 0.22 அங்குலமுள்ள பாயின்ட் 22 ரைபிளை. உரிமம் இல்லாமல் அதைத் தொடவே முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் சங்கத்தில் சேர்ந்தால், சங்கத்தின் துப்பாக்கியில், சங்கத்தின் சுடுதளத்தில் பழகலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். சொந்த ரைபிள் வாங்கியது பல ஆண்டுகள் கழித்து. இருபத்தோரு வயது நிரம்பாதவர்களுக்குச் சொந்த உரிமம் கிடையாது என்றாலும், பன்னிரண்டு வயது முதல் மேற்பார்வையோடு பயிற்சி பெற விதிகள் இடம் தருகின்றன.

சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13ஆம் பிரிவு ஆறுதலானது. மற்றவர்கள் துப்பாக்கி தேவை என்பதற்குத் தக்க காரணம் காட்டி அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அப்படிப்பட்ட ரைபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பாயின்ட் 22 ரைபிள் கேட்டால், மறுப்பதற்கான சட்டக் காரணம் ஏதும் இல்லாதவரை உரிமம் வழங்க வேண்டும் என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கவும் முடியாது. கூலிவேலை செய்பவரின் பிள்ளையும் இந்த விளையாட்டுக்கு வரலாம் என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. உடல்நலம், மனநலம் குறித்த மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று, துப்பாக்கியை வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். பிறகு காவல்துறை விசாரணை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உரிமமில்லாத துப்பாக்கிக்கு இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவதையும் அது தனிக் குற்றமாக்கியிருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

திற்பரப்பு அம்மாவின் மகன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு சுடுதளத்துக்கு வந்தான். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் தாளின் நடுப்புள்ளி, அரை மில்லிமீட்டர் அகலம்தான். முதல் நாற்பது குண்டில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லை. மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், விசையை எப்படி அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துப் போனான்.

வணக்கம்.