குழம்பில் கிடக்கும் வெள்ளை முத்து

(பாம்பனில் மீனவர்களுக்கான கண் பரிசோதனை முகாம் ஒன்றில் பேசியது)

தாய்மார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். அட்டையில் எழுத்துப் படிக்கச் சொல்வார்கள் என்று வந்திருப்பீர்கள். அது அப்புறம். முதலில் மீன்குழம்பு.

மீன் தலையைச் சப்பும்போது கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் உருண்டை வருமே, கடிபடாமல் துப்புவோமே, அதுதான் மீனின் லென்ஸ். வேகாத மீனில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடிக் கோலி போலத் தெளிவாக இருக்கும். செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தைப் பெரிதாக்கியும் காட்டும்.

நம் கண்ணிலும் லென்ஸ் உண்டு, ஆனால் பருப்பு மாதிரி தட்டையானது. நமக்கு அது போதும். ஏனென்றால் பெரிய வேலையைச் செய்வது கண்ணின் முன்புறம் வளைந்து நிற்கும் கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். ரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லை. வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. மிச்சம் லென்ஸுக்கு. கிட்டே பார்க்க லென்ஸ் உப்பவும் வேண்டும். 40 வயதுக்கு மேல் அது இறுகிவிடுவதால்தான் வலையைப் பொத்தும்போது கையை நீட்டிப் பிடிக்கிறோம்.

இவ்வளவு சாமர்த்தியமான கார்னியா தண்ணீருக்குள் போனால் சும்மா. பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்கு இது தெரியும்; முங்கும்போது மாட்டும் கண்ணாடியைக் கழற்றினால் பாறையும் பாசியும் ஒரே கலங்கல். கரையில் ஒதுங்கிய சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், பளபளவென்று தெரிகிறது, தண்ணீருக்குள் கண்ணுக்கே தட்டுப்படுவதில்லை, இல்லையா? அதன் உடம்பு ஏறக்குறைய தண்ணீர். வெளிச்சம் வளையாமல் நேரே போய்விடுகிறது. கார்னியாவுக்கும் அதே கதிதான். நீங்கள் மாட்டும் கண்ணாடி செய்வது ஒன்றே: கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைக்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் அதன் லென்ஸ் முழு உருண்டை.

தாய்லாந்துக் கடலோரத்தில் மோக்கன் என்று கடலோடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே முங்கிச் சிப்பி பொறுக்குவார்கள். கண்மணியை மிகச் சிறிதாகச் சுருக்கி, லென்ஸை முடிந்தமட்டும் உப்ப வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-இல் எழுதினார். நம் பிள்ளைகளும் பழகினால் வருமோ என்னவோ. நான் கண்ணாடியே மாட்டச் சொல்வேன்.

சரி, அந்த முத்து ஏன் வெள்ளையானது? சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பது போல, லென்ஸின் புரதமும் வெந்து கட்டிவிட்டது. நம் லென்ஸின் புரதம் வேகாமலே, வயதாக ஆகத் திரண்டு மங்குவதுதான் கண்புரை. அதற்குச் சொட்டு மருந்து கிடையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும்.

பலர் இதையும் சதை வளர்ச்சியையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். சதை வெளியே, பெரும்பாலும் மூக்குப் பக்கமிருந்து கார்னியா மேல் ஏறுவது. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம். காற்றும் மணலும் கூடச் சேரும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்குக் கீழேயும் வரும், ஆகவே கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். சதையை அறுத்தெடுத்தாலும் திரும்ப வளரலாம்.

வீட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஏறினால் சதை. நடுவில், கண்மணிக்குள் வெளுப்பாகத் தெரிந்தால், குழம்பில் பார்த்த அந்த முத்து.