ஞாயிற்றுக்கிழமைப் பார்வையாளர்கள்

எல்லோருக்கும் வணக்கம். லீவு நாளில் இவ்வளவு பேர் வந்திருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இதே நேரத்தில் நம் சிங்கப்பூரின் தேக்காவில் நம் ஊழியர்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். அங்கிருந்து அவர்கள் பெட்டியும் அனுப்புகிறார்கள். பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, பிள்ளைக்குச் செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். சரி, ஊரிலிருந்து இவர்களுக்கு என்ன வருகிறது? பிலிப்பைன்ஸின் சுயாதீன டிஜிட்டல் சினிமாவைப் பற்றிப் பேச அழைத்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கேள்விதான்.

முன்பெல்லாம் மணிலாவில் படம் எடுக்க ஸ்டுடியோ முதலாளியின் தயவு வேண்டும். 35 எம்எம் ஃபிலிமில் 1,000 அடிச் சுருள் 11 நிமிடம்தான் ஓடும். அதை வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரதி போட வேண்டும். எல்லாம் காசு. அப்புறம் டிஜிட்டல் கேமராவில் போடும் மினி டிவி (Mini DV) கேசட் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அதில் ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ஜோன் ரெட் 1999-இல் எடுத்த 'ஸ்டில் லைவ்ஸ்' படத்தைத்தான் அந்த நாட்டின் முதல் முழுநீள டிஜிட்டல் படம் என்கிறார்கள். 2005-இல் சினிமலாயா என்ற சுயாதீனப் பட விழா தொடங்கியது. மலாயா என்றால் தகாலோக் மொழியில் சுதந்திரமான என்று பொருள். தேர்வான ஒவ்வொரு படத்துக்கும் 5,00,000 பெசோ கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் பத்தாயிரம் அமெரிக்க டாலர்கூட வராது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அவுரேயஸ் சொலிட்டோ என்பவர் மணிலாவின் சம்பாலோக் குடிசைப் பகுதியில் வாழும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் கதையை எடுத்தார். சின்னத் திருட்டுகளில் பிழைக்கும் குடும்பம், அந்த வீட்டுக்குச் சமைத்துப் போடும் பையன். 2006-இல் பெர்லின் திரைப்பட விழாவில் அந்தப் படம் டெடி விருது வாங்கியது.

லாவ் டியாஸ் தொண்ணூறுகளில் ஃபிலிமில் தொடங்கிய ஒரு படத்தை டிஜிட்டலுக்கு மாறி 2004-இல்தான் முடித்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 2009-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பிரில்லாண்டே மெண்டோசாவுக்கு. 2016-இல் வெனிஸ் விழாவின் உச்ச விருதான தங்கச் சிங்கம் லாவ் டியாஸுக்கு. நம் ஊர் 'இலோ இலோ' படத்தில் பணிப்பெண்ணாக வந்த ஏஞ்சலி பயானியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது கானுக்குப் போன அதே 2013-இல், லாவ் டியாஸின் 'நோர்த்தே' படத்திலும் அவர் அங்கே திரையில் இருந்தார்.

விருதுகள் எல்லாம் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் படம் எடுப்பதைத்தான் கேமரா மலிவாக்கியது. எடுத்த படத்தை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்றைக்கும் சிரமமாகவே இருக்கிறது. யாருடைய வாழ்க்கையைப் படமாக்கினார்களோ, அவர்களுக்கு ஐரோப்பாவின் விழா அரங்குகள் எட்டாத தூரம்.

ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2010-இல் ரெம்டன் சுவாசோலா எடுத்த 'அங் டாம்கோ நி எலியுதேரியா'. எலியுதேரியாவின் கனவு என்று அர்த்தம். செபுவானோ மொழி. செபுவுக்குப் பக்கத்தில் ஓலாங்கோ என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு பெண்ணை, முன்பின் பார்த்திராத ஒரு ஜெர்மன்காரருக்குக் கட்டிக்கொடுக்க அனுப்புகிறார்கள். வீட்டிலிருந்து படகுத்துறைவரை குடும்பத்தோடு நடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரமும் ஒரே ஷாட், எங்கேயும் வெட்டு கிடையாது. அம்மா அதட்டுகிறாள், சண்டை வருகிறது, வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் நின்று பேசுகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். கேமராவும் கூடவே நடக்கிறது. பதினொரு நிமிடச் சுருளால் இந்த நடையைப் பிடித்திருக்க முடியாது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவளுக்கு அந்தப் பாதை எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளம் நாமும் நடக்கிறோம்.

ஹன்னா எஸ்பியாவின் 'டிரான்சிட்' டெல் அவிவில் நடக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சின்னப் பிள்ளைகளை இஸ்ரேல் திருப்பி அனுப்பத் தொடங்கிய காலம். ஒரு தகப்பன் தன் மகனைப் போலீஸ் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வளர்க்கிறான். பேபி ரூத் வில்லரமாவின் 'சண்டே பியூட்டி குயின்' ஆவணப்படம், ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் தங்கள் ஒரே லீவு நாளில் அழகிப் போட்டி நடத்துவதைக் காட்டுகிறது. வேலை போனால் பதினான்கு நாளில் ஹாங்காங்கை விட்டுக் கிளம்ப வேண்டிய பெண்கள் அவர்கள். 2016 மெட்ரோ மணிலா விழாவில் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் படங்களை லக்கி பிளாசா வரிசையில் நிற்பவருக்குக் காட்ட வேண்டும் என்று நானும் சில நண்பர்களும் ஆசைப்பட்டோம். எலியுதேரியாவின் பிரதியை முறையாகக் கேட்டு வாங்கினோம். ஒரு சின்ன அறை, வாடகை ப்ரொஜெக்டர், ஒரு லேப்டாப். பதினேழு பெண்கள் வந்தார்கள். நான்கு மணிக்குத் தொடங்க வேண்டியது, ஒரு கேபிள் சேராமல் ஐந்தரை ஆகிவிட்டது. அவர்களில் பலர் ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆறரைக்கு ஒருவர் எழுந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராகப் போனார்கள். திரையில் எலியுதேரியா இன்னும் துறைக்குப் போய்ச் சேரவில்லை. வெட்டே இல்லாத படத்தை நாங்கள் பாதியில் வெட்டிவிட்டோம். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அப்புறம்தான் அவர்களிடமே கேட்டோம். மதியம் ஒரு மணிக்கு வையுங்கள், பணம் அனுப்பிவிட்டுச் சாப்பாட்டோடு வருகிறோம் என்றார்கள். ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும் என்றார்கள். எல்லோரும் பிலிப்பைன்ஸ்தானே, எதற்கு என்று நான் கேட்டேன். வடக்கே இலோகோஸிலிருந்து வந்தவருக்குச் செபுவானோ புரியாது என்று ஒருவர் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் அறையை மூன்று வாரத்துக்கு மட்டும் கேட்டிருந்தோம், ஒரு வருடத்துக்குக் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். பலருக்கு எல்லா ஞாயிறும் லீவு கிடையாது, இந்த மாதம் வருகிறவர் அடுத்த மாதம் வர முடியாது.

அடுத்த மாதம் பதினான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் முந்தைய முறை பாதியில் எழுந்து போனவர்கள். பான்சிட் நூடுல்ஸ் கொண்டுவந்து எங்களுக்கும் பரிமாறினார்கள். விட்ட இடத்திலிருந்து போடட்டுமா, முதலிலிருந்தா என்று கேட்டேன். செபுக்காரப் பெண் ஒருவர், முதலிலிருந்து போடுங்கள், அவள் வீட்டு வாசலிலிருந்து நடக்கட்டும் என்றார். படகுத்துறை வந்தபோது அவர் சப்டைட்டிலுக்கு முன்பாகவே வசனத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இலோகோஸ் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்தபோது மணி இரண்டே முக்கால். யாரும் எழுந்திருக்கவில்லை.