திவானோ ஓய்ந்து ப்ரேவா வருவதற்குள்: கோமோ ஏரிக்கரையில் நான்கு நாட்கள்

வணக்கம். காலை பதினோரு மணி. இத்தாலியில் வரென்னா என்ற சிறிய ஊரில், பாறையை ஒட்டிக் கட்டியிருக்கும் இந்த இரும்பு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறேன். சிவப்புக் கைப்பிடி, தலைக்கு மேல் கொடிப் பந்தல், காலுக்குக் கீழே கோமோ ஏரி. காதலர் நடைபாதை என்று இதற்குப் பெயர். தண்ணீரைக் கொஞ்சம் பாருங்கள், ஒரு சுருக்கம்கூட இல்லை. எதிர்க்கரை மலை அப்படியே தலைகீழாக இறங்கியிருக்கிறது. இது இன்னும் சிறிது நேரம்தான் இப்படி இருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

மதியம் எனக்கு மிலானுக்கு ரயில். நான்கு நாட்கள் முடிந்துவிட்டன. மிலானிலிருந்து காலையில் வந்து, மூன்று ஊர்களில் படம் எடுத்துக்கொண்டு, மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். கரையில் ஒரு சிறிய ஊரைப் பிடித்து இரண்டு இரவாவது தங்குங்கள். இந்த ஏரிக்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

வருவது எளிது. மிலான் சென்ட்ரலில் தீரானோ பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வரென்னா. இடதுபுறம் உட்காருங்கள், லெக்கோ நகரைத் தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம்.

இந்த ஏரியின் வடிவம் ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல. பனியாறு குடைந்த பள்ளம் இது. ஆழம் நானூறு மீட்டருக்கும் மேல். அதாவது ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. பரப்பு ஏறக்குறைய 146 சதுர கிலோமீட்டர். இத்தாலியில் கார்தாவும் மஜ்ஜோரேயும்தான் இதைவிடப் பெரியவை. கால்கள் பிரியும் இடத்தில் பெல்லாஜியோ, கிழக்குக் கரையில் வரென்னா, மேற்கில் மெனாஜியோ. இந்த மூன்றுக்கும் நடுவே நாள் முழுக்கப் படகுகள் ஓடுகின்றன. இங்கே படகுதான் பஸ். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வரும் பாட்டிகளும் அதில்தான் போகிறார்கள்.

இப்போது காற்றைப் பற்றி. முதல் நாள் மாலை, நான் தங்கியிருந்த வீட்டு அம்மா ஜன்னலைக் காட்டி இரண்டு பெயர்கள் சொன்னார்: திவானோ, ப்ரேவா. விடியற்காலையில் வடக்கே மலைகளிலிருந்து இறங்கி வருவது திவானோ. வெயில் ஏறியதும் மலைச் சரிவுகள் சூடாகி, அங்கே காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பத் தெற்குச் சமவெளியிலிருந்து காற்று வரும். அதுதான் ப்ரேவா, நண்பகல் வாக்கில் தொடங்கி மாலைவரை வீசும். முன்பெல்லாம் சரக்குப் படகுகள் காலையில் ஒன்றையும் மதியத்துக்குமேல் மற்றொன்றையும் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு நிசப்தம் இருக்கிறது பாருங்கள், அதில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

இதைக் கேட்ட பிறகு இரண்டாம் நாள் பெல்லாஜியோ போனபோது, கடைத்தெருப் படிக்கட்டுகளில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. கூழாங்கல் பதித்த படிகள், இருபுறமும் பட்டுக் கடைகள், அழகுதான். ஆனால் நேரே ஊரின் முனைக்கு நடந்தேன். புந்தா ஸ்பார்த்திவெந்தோ, அதாவது காற்றைப் பிரிக்கும் முனை. கோமோ பக்கம் ஏரியின் ஒரு கால், லெக்கோ பக்கம் இன்னொரு கால், முன்னால் வடக்கே ஆல்ப்ஸ் மலைகள். பெயர் வைத்தவர் ஒரு மதியம் இங்கே நின்றிருக்க வேண்டும். வலது கன்னத்தில் ஒரு குளிர், இடது கன்னத்தில் ஒரு குளிர், இரண்டும் ஒன்றல்ல.

அன்று மாலை திரும்பும்போது ஒரு சங்கடம். ஐந்து மணி வாக்கில் படகுத்துறையில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. என் முறை வருவதற்குள் படகு நிரம்பிக் கயிற்றைப் போட்டுவிட்டார்கள். அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றேன். கார் ஏற்றும் பெரிய படகிலும் நடந்து போகிறவர்கள் ஏறலாம், அதன் துறை சற்றுத் தள்ளி இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் லென்னோ. அங்கிருந்து நடந்தே பல்பியனெல்லோ மாளிகைக்குப் போகலாம். சினிமாவில் பார்த்த இடம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். என்னை நிறுத்தியது அங்கே கடைசியாக வாழ்ந்த குய்தோ மொன்சீனோவின் அறைகள். 1971இல் வட துருவம் போனவர், 1973இல் இத்தாலியின் முதல் எவரெஸ்ட் பயணத்தை நடத்தியவர். அவர் கொண்டுபோன பொருட்களை அங்கே பார்க்கலாம். 1988இல் இறக்கும்போது வீட்டையும் தோட்டத்தையும் இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். தோட்டத்தில் ஒரு பெரிய ஓக் மரத்தைக் குடை மாதிரி வெட்டி வளர்த்திருக்கிறார்கள். அதன் நிழலில் அரை மணி நேரம் எதுவும் செய்யாமல் நின்றேன்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மிஸ்ஸொல்தினி. கேட்டதும் உங்களுக்கு நாக்கில் ஊறும், ஏனென்றால் இது ஏரிமீன் கருவாடு. அகோனே என்ற மீனைக் கழுவி, உப்பில் ஊறவைத்து, கயிற்றில் கோத்து வெயிலில் காயவிடுகிறார்கள். பிறகு பிரிஞ்சி இலையை இடையிடையே வைத்துத் தகர டப்பாவில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி அழுத்துவார்கள். தட்டில் வந்தபோது வெள்ளி நிறமெல்லாம் போய் வெண்கலமாகியிருந்தது. அனலில் ஒரு வாட்டு வாட்டி, மேலே வினிகர் தெளித்து, பக்கத்தில் சுட்ட பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களித் துண்டு. முதல் கடியில் உப்பு, அப்புறம் எண்ணெய், கடைசியில் அந்த இலையின் மணம். முள்ளைக்கூட நான் விடவில்லை.

நேற்று ஃபியூமெலாத்தே. வரென்னாவிலிருந்து அரை மணி நேர நடை. பெயரின் பொருள் பால் ஆறு. ஆம், நம் பாலாறு போலவே. சுமார் 250 மீட்டர்தான் மொத்த நீளம். கிரீன்யா மலையின் சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் பனி உருகிய நீரும் மழை நீரும் நிறையும்போது ஒரு குகை வாய் வழியாகப் பொங்கி, நுரைத்து, நேரே ஏரியில் விழுகிறது. உள்ளே நீர்மட்டம் இறங்கினால் ஆறு நின்றுவிடும். பொதுவாக மார்ச் கடைசி முதல் அக்டோபர்வரை ஓடும். லியோனார்டோ டா வின்சி இதன் இரைச்சலைத் தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இந்தக் காட்சியைப் பாருங்கள், நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. கையை விட்டேன், பத்து எண்ணுவதற்குள் விரல் மரத்துவிட்டது. வரும்போது கேமராவைப் பிடிக்க முடியாமல் சட்டைப்பைக்குள் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

கோமோ நகருக்கு இந்த முறை போக முடியவில்லை. மின்கலம் கண்டுபிடித்த வோல்டா பிறந்த ஊர், பட்டு அருங்காட்சியகம் இருக்கிறது, 1894 முதல் புருனாத்தே மலைக்கு இழுவை ரயில் ஓடுகிறது. அதற்காகவே இன்னொரு முறை வர வேண்டும்.

ஒரு நிமிடம். அதோ, தெற்குப் பக்கம் தண்ணீரின் நிறம் மாறுகிறது, தெரிகிறதா? கருநீலமாக ஒரு கோடு, நம்மை நோக்கித்தான் வருகிறது. இங்கே கரையில் இன்னும் அசைவில்லை. அந்தப் பாய்மரம் பாருங்கள், சாய்ந்துவிட்டது. இதோ கொடிகள் ஆட ஆரம்பிக்கின்றன. மைக்கில் காற்று அடிக்கிறது, இனி நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கேமராவை அணைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.