கார்டில் மீதியிருந்த இடம்

வணக்கம். பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்கள். பறவை பார்த்தவர் என் அப்பா. நான் பார்த்தது ஒரே ஒரு காலை; அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் கூந்தன்குளத்துக்குப் பக்கம், நாங்குநேரி வட்டாரம். 1994-இல் அரசு கூந்தன்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கூந்தன்குளத்துக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய கூட்டாளி வேதாரண்யத்தில். கோடியக்கரைக்குப் பூநாரை வந்தால் அங்கிருந்து தபால் கார்டு வரும். இங்கே வரித்தலை வாத்து இறங்கினால் இங்கிருந்து கார்டு போகும். நாற்பது ஆண்டு நட்பு அது. நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில் இடமிருந்தால்தான்.

அப்பா தை மாதம் காலமானார். உறவுக்காரர்களுக்கெல்லாம் போனில் சொன்னோம். வேதாரண்யத்து மாமாவுக்கு மட்டும் விட்டுப்போயிற்று. உண்மையைச் சொன்னால், விட்டுப்போகவில்லை; தள்ளிப்போட்டேன். அவருக்குக் காது மந்தம். ‘அப்பா இறந்துவிட்டார்’ என்று போனில் மூன்று தடவை கத்த எனக்கு மனம் வரவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் அவருடைய கார்டே வந்துவிட்டது. “வரித்தலை வந்தாயிற்றா? எத்தனை? ஏன் பதில் இல்லை?”

50 காசுக் கார்டு ஒன்றை எடுத்து மூலையில் கறுப்பு மை தடவினேன். ‘மாமாவுக்கு. அப்பா தை 9-ஆம் தேதி இரவு காலமானார்.’ அதற்குக் கீழே முக்கால் கார்டு வெறுமையாகக் கிடந்தது. அவர் கேட்டதற்கு அது பதில் இல்லையே.

மறுநாள் இருட்டோடு அப்பாவின் பைனாகுலரை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போனேன். அதன் வாரை அப்பா தன் உயரத்துக்கு முடிச்சுப் போட்டிருந்தார். எனக்குத் தொண்டைக்குழியிலேயே தொங்கியது. முடிச்சை அவிழ்க்கவில்லை. இந்த வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருபவை. இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு விடியும்போது குளத்தில் இறங்கும். வெள்ளைத் தலையின் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. அந்தக் கோடு மட்டும் இல்லையென்றால் தண்ணீரில் மிதந்த எல்லாவற்றையும் எண்ணித் தொலைத்திருப்பேன். 37 தேறியது. எழுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது.

“தம்பிக்கு. துக்கக் கார்டை வீட்டில் வைக்கக்கூடாது என்று உன் அத்தை சொன்னாள். அப்பா எழுதியது அத்தனையும் பெட்டியில் இருக்கிறது. இது ஒன்றைத்தான் கிழித்தேன். எண்ணிக்கையை நோட்டில் ஏற்றிவிட்டேன். 37 குறைவாகப் படுகிறது. எத்தனை மணிக்கு எண்ணினாய்? சிலது வெயில் ஏறிய பிறகுதான் வயலிலிருந்து திரும்பும். அப்பா ஏழரை வரை உட்கார்ந்திருப்பார். மறுபடி எண்ணி எழுதவும்.”